ஊத்தாவுக்குள் ஒரு கை

உள்ளே ஏதோ இருந்தது. இருந்தது என்பதில் சென்னியப்பனுக்குத் துளியும் சந்தேகமில்லை, ஏனென்றால் இப்போதுதான் அது ஊத்தாவின் மூங்கில் பத்தையில் ஒரு இடி இடித்தது, அந்த இடி அவன் உள்ளங்கை வழியாக ஏறி, முழங்கையில் கொஞ்சம் நின்று இளைப்பாறி, பிறகு நேராக வயிற்றுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஊத்தா என்றால் அடியும் இல்லாமல் மூடியும் இல்லாமல், கீழே அகலமும் மேலே ஒரு கை நுழையும் குறுகலுமாக முடைந்த கூடை, அவ்வளவுதான். வற்றிய கண்மாயின் சேற்றுத் தண்ணீரில் அதைக் குத்தி அமுக்க வேண்டும், மீன் மாட்டினால் மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். குத்தி அமுக்குவது வரைக்கும் அவனுக்கு எந்த ஆட்சேபணையும் இருந்ததில்லை. காலையிலிருந்து குத்தி அமுக்கிக்கொண்டேதான் இருந்தான், ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, மனசுக்குள் ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்த இடத்தில் குத்தினான். இப்படியே பொழுது போயிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். உழைத்தான், கிடைக்கவில்லை, பாவம் கோயம்புத்தூர் மாப்பிள்ளை என்று நாலு பேர் இரக்கப்பட்டிருப்பார்கள். இப்போது பார், கிடைத்துத் தொலைத்துவிட்டது.

“என்ன மாப்ள, ஊத்தாவைப் புடிச்சுக்கிட்டு சாமி கும்புடுறீகளா?” என்று கேட்டார் வெள்ளைச்சாமி மச்சான், அவன் மனைவி செல்வியின் அண்ணன். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப்பை ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தது. சென்னியப்பன் சிரித்தான். சிரிப்பு மட்டும்தான் இந்த ஊரில் அவனுக்குக் கைவந்த வித்தை. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கற்றது அது, பவர் கூடிப்போச்சு என்று சொல்லும்போது சிரிக்க வேண்டும், அந்த பிரேம் உங்கள் முகத்துக்கு எடுக்காது என்று சொல்லும்போது சிரிக்க வேண்டும். இதோ, தானே மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் அதே சிரிப்புதான் வருகிறது, வேறு இருப்பு இல்லை. சிரித்தபடியே யோசித்தான், மச்சானையே எடுக்கச் சொன்னால் என்ன? சாதாரணமாக, பேச்சோடு பேச்சாக, ‘மச்சான், ஒரு கை பாருங்களேன்’ என்று. ஆனால் முடியாது. இந்தக் கண்மாயில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, யார் ஊத்தாவோ அவர் கைதான் உள்ளே போக வேண்டும், இன்னொருத்தர் கை போனால் மறுவருஷம் மழை பெய்யாது. நேற்று ராத்திரி சாப்பாட்டில் மச்சான் இதைச் சொன்னபோது சென்னியப்பன் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான், ரசத்தின் கவனத்தில் தலையாட்டிவிட்டான். இப்போது பார்த்தால் ஒரு ஊரின் மழை முழுவதும் அவன் வலது கையில் வந்து நிற்கிறது. பல வருஷமாக நிறையாத கண்மாய் போன ஐப்பசியில்தான் நிறைந்தது, நிறைந்த கண்மாய் வற்றினால்தானே மீன்பிடி, அதனால்தானே சொந்தக்காரர் எல்லாருக்கும் போன் போட்டுக் கூப்பிட்டார்கள். இனி ஒரு பத்து வருஷம் நிறையாமல் போனால் பாண்டிச்செல்வி வீட்டுக்காரன் அன்றைக்குக் கை விடவில்லை, அதனால்தான் என்பார்கள். சொல்வார்கள். இந்த ஊர் எதையும் மறக்காது. செல்வி சின்னப் பிள்ளையில் வாத்துக்குப் பயந்து மரத்தில் ஏறியதை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

செல்விதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அதுவும் நியாயமில்லை. அவளுக்கும் இது முதல் தடவைதான். அவள் சின்னவளாக இருந்தபோது பெண்பிள்ளைகள் குண்டான் சட்டியோடு கரையில் நிற்பதோடு சரி, அண்ணன்மார் எறிவதைப் பொறுக்கிப் போட்டவள், இந்த முறை நானும் இறங்குவேன் என்று போனிலேயே அறிவித்துவிட்டாள். அறிவித்த கையோடு கோயம்புத்தூர் மாடிவீட்டில் ஒத்திகை ஆரம்பித்தது. அழுக்குத்துணிக் கூடையின் அடியை அறுத்து ஊத்தா ஆக்கினாள். மீனுக்கு ஒரு வெள்ளரிக்காய். வெள்ளரிக்காயின் காம்பில் நூலைக் கட்டி மகள் இதழினி குளியலறைத் தரை முழுக்க இழுத்துக்கொண்டு ஓட, தண்ணீரை அரையடிக்கு நிறுத்தி, அவன் பாய்ந்து பாய்ந்து குத்த வேண்டும். “பட்டுன்னு அமுக்கணுங்க, யோசிக்கப்படாது, மீன் யோசிக்காது” என்று செல்வி வாசலில் நின்று கற்றுக்கொடுத்தாள். யோசிக்காமல் அமுக்கியதில் குழாயின் கழுத்து ஒடிந்தது. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, என் பூஜை அறையில் மழை பெய்கிறது என்றார். கையில் கூடையும் தலையில் சோப்பு நுரையுமாக அவன் கதவைத் திறந்தான், என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார், மீன் பிடிக்கிறோம் என்று இதழினி சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அந்த அம்மா படிக்கட்டில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுகிறார். ஆனால் அந்த ஒத்திகையிலெல்லாம் வெள்ளரிக்காய் அகப்பட்டதும் ஆட்டம் முடிந்துவிடும், கூடையைத் தூக்கிவிடுவார்கள், கையை விட்டு எடுப்பது என்று ஒரு கட்டம் இருப்பதை யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. வெள்ளரிக்காய் எங்கே இடித்தது? அது எத்தனை நல்ல பிராணி.

மறுபடி இடித்தது. இந்தத் தடவை இடி இல்லை, உரசல். பத்தையோடு ஏதோ ஒன்று நிதானமாக, நீளமாக, ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் அறை அறையாகப் பார்ப்பது போல. கெண்டையாக இருக்கலாம். கெண்டை என்றால் பரவாயில்லை, பிடித்துவிடலாம். கெளுத்தியாக இருக்கலாம். கெளுத்திக்கு முள் உண்டு, குத்தினால் கை பன் மாதிரி வீங்கும் என்று காலையில் டீக்கடையில் ஒருத்தர் தன் பெருவிரலை ஆதாரமாகக் காட்டினார். சரி, வீங்கட்டும், வீக்கத்துக்கு ஊசி இருக்கிறது. விராலாக இருக்கலாம். விரால் என்றால் கௌரவம். ஆனால் இந்த மூன்றும் இல்லாமல் இன்னொன்றும் இருக்கலாம், அதுவும் கண்மாயில் குடியிருப்பதுதான், அதற்கும் ஊத்தா தெரியாது, அதுவும் தவளையைத் தேடி வந்து மாட்டிக்கொள்ளும். அதன் பெயரை அவன் நினைக்கவில்லை. அவன் அம்மா வீட்டில் பொழுது சாய்ந்தால் அதைப் பேர் சொல்லாமல் பூச்சி என்பார்கள், பேர் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுமாம். இது பட்டப்பகல். பேர் சொல்லலாம், தப்பில்லை. ஆனாலும் எதற்கு? பூச்சி என்றே இருக்கட்டும். பூச்சி. பூச்சிக்குக் காது இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தான். காது இல்லாதது கூப்பிட்டால் எப்படி வரும்? வராது. கூப்பிடாமலே வரும், அதுதான் பிரச்சினை. கெண்டை உரசினால் எப்படி இருக்கும்? தெரியாது. மீனை அவன் அறிந்ததெல்லாம் துண்டாகத்தான், மசாலா தடவி, கல்லில் கிடந்து, வாழையிலைக்கு வந்து சேரும் துண்டு. அதற்குத் தலையும் வாலும் உண்டு என்பதே அவனுக்குக் கேள்விப்பட்ட சங்கதி. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோழி. கோழியை யாரும் கூடைக்குள் கைவிட்டுத் துழாவி, இருட்டில் இன்னதென்று தெரியாமல் பிடிப்பதில்லை. கோழிக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும். கொக்கரிக்கும். இன்னார் என்று சொல்லிக்கொண்டே வரும்.

கண்ணுக்குத் தெரியும் என்றதும் ஞாபகம் வந்தது, அவன் கண்ணில் இப்போது கண்ணாடியும் இல்லை. தண்ணீரில் விழுந்துவிடுமென்று இதழினியிடம் கொடுத்திருந்தான். அவள் அவன் இடுப்போரம் ஒட்டி நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் அப்பாவின் கண்ணாடி, இன்னொரு கையில் அப்பாவின் டவுசர். டவுசர் மச்சானுடையது, அதற்குள் சென்னியப்பன் இரண்டு பேர் நிற்கலாம், கயிறு போட்டுக் கட்டியும் நனைந்த பிறகு அது தன் இஷ்டத்துக்குக் கீழே போகப் பார்த்தது, அதனால் மானத்தின் ஒரு பகுதி பிள்ளை கையில் இருந்தது. இத்தனைக்கும் காலையில் இந்தப் பிள்ளை தண்ணீரில் கால் வைக்கவே மாட்டேன் என்றது. ஊர்ப்பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத்துண்டை வீசினார், ஊரே ஓவென்று கத்திக்கொண்டு கண்மாய்க்குள் பாய்ந்தது, இவள் மட்டும் கரையில் நட்டுவைத்த மாதிரி நின்றாள். “அடியில என்னப்பா இருக்கும்? ஒண்ணுமே தெரியலையே” என்றாள். “என்ன இருக்கும் அம்மிணி, தண்ணி, சேறு, மீன். பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல. அப்பா இருக்கேன்ல” என்றான் அவன். யார் சொன்னது? அவன்தான். அதே வாய். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கடையிலும் பார்த்திருக்கிறான், முதல் முறை கண்ணாடி போடும் பிள்ளைகள் எழுத்துப் பலகையைப் பார்ப்பதற்கு முன்னால் அப்பன் முகத்தைத்தான் பார்க்கும், அங்கே ஏதாவது கோணலாக இருந்தால் பிறகு எந்த லென்ஸ் போட்டாலும் தெரியவில்லை என்றுதான் சொல்லும். இதழினி பார்த்தாள், கோணல் இல்லை என்று நம்பினாள், இறங்கினாள். இறங்கிய பிள்ளை தாவணித்துணியில் அம்மாவோடு சேர்ந்து அயிரை அரித்தது, நண்டு கவ்வியதும் கத்தியது, கத்திக்கொண்டே சிரித்தது. செல்வியோ சேற்றில் வழுக்கி உட்கார, உட்கார்ந்த இடத்தில் இருந்த ஜிலேபி மீன் எழுந்திருக்க முடியாமல் அகப்பட்டுக்கொண்டது, குடும்பத்தின் முதல் மீன் அப்படித்தான் வந்தது. “நான் புடிச்சேன், நான் புடிச்சேன்” என்று அவள் கத்தியதற்கு, “புடிக்கலத்தா, அமுக்கிக் கொன்னுட்ட” என்றார் மச்சான். ஆக மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒரு கை அயிரை. அவனுக்கு இது. இப்போது அவன் ஊத்தாவை லேசாகத் தூக்கி, ஐயோ போயிடுச்சே என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் இவள் இங்கே நிற்கிறாள். அவன் பயம் டவுசர் வழியாகவே இவளுக்குத் தெரிந்துகொண்டிருக்குமோ? இவளுக்குத் தெரிந்துவிட்டால், காலையில் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும், இனி எந்தத் தண்ணீரில் இறங்கு என்று எந்த முகத்தோடு சொல்வது? தண்ணீரில் மட்டுமா?

“ஏங்க, கைய விடுங்க, அது ஒண்ணும் கடிக்காது” என்றாள் செல்வி பக்கத்திலிருந்து.

“எது கடிக்காது?”

“எதுவா இருந்தாலும்.”

இதை அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்துக்கு முதல்நாள் எங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாக என்று சொன்னதும் இதே குரலில்தான், அவர் சொன்னது எல்லாம் இன்றைக்கும் காதில் கேட்கிறது. சென்னியப்பன் தோளில் கிடந்த துண்டை உருவினான். கைக்குச் சுற்ற ஆரம்பித்தான், மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, சுற்றச் சுற்ற நேரம் கிடைத்தது, நேரம் கிடைப்பதற்காகவே இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினான். சுற்றுமுற்றும் இருந்தவர்கள் தங்கள் ஊத்தாவை விட்டுவிட்டு இதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். “என்ன மாப்ள, கட்டுப் போட்டுக்கிட்டு அப்புறமா அடிபடப் போறீகளா?” என்றார் மச்சான், கண்மாய் முழுக்க ஒரு சிரிப்பு அலை போய் மடையில் முட்டித் திரும்பியது. சிரிக்கட்டும். சிரிப்பு கடிக்காது.

கை உள்ளே போயிற்று. கை போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும், அவன் அனுப்பவில்லை, அது தானாக, வேலைக்குப் போகும் ஆள் காலையில் வீட்டில் யாரிடமும் பேசாமல் கிளம்புவதுபோலக் கிளம்பிப் போயிற்று. மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அடுத்தது குளிர்ந்தது, அதற்கும் கீழே தண்ணீரா சேறா என்று சொல்ல முடியாத ஒன்று, பாயசத்தின் அடி மாதிரி. இந்தக் கை என்னென்ன நுணுக்கமான வேலை செய்யும், கடுகை விடச் சின்ன திருகாணியைக் கண்ணாடிக் காலில் பொருத்தும், ஒரு தும்மல் தும்மினால் காணாமல் போகிற திருகாணி, இதை இப்போது போட்டுக் கெடுத்துக்கொண்டால் கடையில் முதலாளிக்கு என்ன சொல்வது, மீன் பிடித்தேன் என்றா, அவர் கீழ்வீட்டு அம்மா பார்த்த மாதிரியே பார்ப்பார், பத்தை தட்டுப்பட்டது, ஒரு கூழாங்கல், ஒரு வேர், வேர் நகராது, இது நகர்கிறது, இது வேர் இல்லை, செதில் இருக்கிறதா, துணிக்கு மேலே எப்படித் தெரியும், மொழுமொழுவென்று இருக்கிறது, தலை எங்கே, முடிவே இல்லையே, மீனுக்கு ஒரு முடிவு இருக்குமே, இது போய்க்கொண்டே இருக்கிறதே, அய்யோ இது மணிக்கட்டைச் சுற்றுகிறது, மீன் சுற்றாது, எந்த மீன் சுற்றும், செல்வி எந்த மீனாவது சுற்றுமா என்று கேட்க வாயைத் திறந்தான், அதற்குள் விரல்கள் அவனைக் கேட்காமலே மூடிக்கொண்டுவிட்டன, மூடிய கையோடு அவன் நிமிர்ந்தான்.

கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தெரிந்தது ஒரு கறுப்புக் கோடு. மூடிய கையிலிருந்து தொங்கி, நெளிந்து, மறுபடி மேலே வந்து மணிக்கட்டைச் சுற்றியது. இடுப்பருகே டவுசர் இறுகியது. “அப்பா,” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. “பாம்பாப்பா?”

ஆக, பேர் சொல்லியாகிவிட்டது. எறிந்துவிட வேண்டும், உடம்பு முழுக்க அதைத்தான் சொன்னது, எறி எறி எறி என்று. எங்கே? இடப்பக்கம் மச்சான். வலப்பக்கம் செல்வி. முன்னால் எறிய வலுவில்லை, கால் சேற்றில் கணுக்கால்வரை புதைந்திருக்கிறது, எறிந்தாலும் நாலடிதான் போகும். எங்கே எறிந்தாலும் அது விழுவது இந்தத் தண்ணீரில்தான், இந்தத் தண்ணீர்தான் பிள்ளையின் இடுப்பு வரைக்கும் இருக்கிறது, அடியில் ஒன்றும் தெரியாத தண்ணீர். விழுந்ததும் அது எந்தப் பக்கம் போகும் என்று யாருக்குத் தெரியும்? கையில் இருக்கும்வரை அது எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். இந்த ஒரு எண்ணம் மட்டும் அத்தனை கலக்கத்திலும் கழுவித் துடைத்த லென்ஸ் மாதிரி பளிச்சென்று இருந்தது. “ஆமா அம்மிணி” என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது, கடையில் யாருக்கோ விலை சொல்லும் குரல். “பயந்துக்காத. அப்பா கையிலதான் இருக்குது. நாம மெதுவா கரைக்குப் போறோம். நீ எம் பின்னாலயே வா. டவுசர மட்டும் விட்டுறாத.” அவள் விடவில்லை. அவன் ஒரு காலைப் பிடுங்கி வைத்தான், சேறு பொளக்கென்றது, இன்னொரு காலைப் பிடுங்கி வைத்தான். கையில் இருந்தது முறுக்கியது, அவன் துண்டோடு சேர்த்து இன்னும் இறுக்கினான். கடித்துவிட்டதா? கடித்தால் தெரியுமா? டீக்கடையில் பெருவிரல் காட்டியவரிடம் இதைக் கேட்காமல் விட்டோமே. ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்? கரை ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது, காலையில் பக்கத்தில்தானே இருந்தது, யார் நகர்த்தியது? மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டால் அதற்குத் தெரிந்துவிடும். பூச்சிக்குக் காது இல்லை, இல்லை, அது பூச்சி இல்லை, பாம்பு, சொல்லிவிட்டாள் பிள்ளை, பாம்பு பாம்பு பாம்பு, சொல்லச் சொல்ல அது வெறும் சொல்லாகிக்கொண்டே வந்தது, கையில் இருப்பது மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் யாரோ கத்தினார்கள். “ஏலேய், விலாங்குடா!” கத்தியவர் கையிலிருந்த ஊத்தாவைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். “கையால புடிச்சிருக்காகடா!” நாலு பக்கமிருந்தும் ஆட்கள் சேற்றைக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள், என்னத்துக்கென்று தெரியாமல் அவன் திரும்பிப் பார்த்தான், தனக்குத்தான் என்று தெரிந்தபோது கால் ஏற்கெனவே கரைமண்ணில் இருந்தது. “விலாங்கு மீனுங்க அது,” என்றாள் செல்வி, மூச்சு வாங்க ஓடி வந்து. “பாம்பு கணக்கா இருக்கும், பாம்பு இல்ல. கருவாட்டுக் குழம்பெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது. அய்யோ, எவ்வளவு பெருசு!” வெள்ளைச்சாமி மச்சான் குனிந்து பார்த்தார். “எனக்குத் தெரிஞ்சு இந்தக் கண்மாயில ஒருத்தரும் விலாங்கக் கையால புடிச்சது இல்ல. வழுக்கிக்கிட்டு ஓடிரும். துண்டச் சுத்தித்தான் புடிக்கணும்னு யாரு மாப்ள உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?”

சென்னியப்பன் சிரிப்பதற்குத் தயாரானான். அதற்குள் இதழினி முந்திக்கொண்டாள். “அப்பாவுக்கு மீன்னு தெரியாது மாமா. பாம்புன்னு நெனச்சுத்தான் புடிச்சாரு.”

கரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. ஒருத்தர் அடுத்தவர் தோளில் சாய்ந்து சிரித்தார், செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்தியும் தோள் குலுங்கியது. மச்சானும் தொடையில் தட்டிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் ஏதோ தட்டுப்பட்டது போல, சிரிப்பு நின்றுவிட்டது. “இருங்கடா,” என்று மற்றவர்களைக் கையமர்த்தினார். “பாம்புன்னா நெனச்சீக?”

“ஆமாங்க மச்சான்.”

“அப்பறம் ஏன் மாப்ள விடல?”

சென்னியப்பன் யோசித்தான். அவன் பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் சேறு வழிய நின்றன, காய்ந்த மண்ணில், அடி தெரிய.

“விட எடமில்லீங்க மச்சான்” என்றான்.

மச்சான் அந்தக் கால்களைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சாக்குப்பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார், பெரிய ஆள் இன்னொருத்தருக்குக் குனிவது போல. “போடுங்க மாப்ள.” சென்னியப்பன் கையைப் பைக்குள் விட்டான். விட்ட கை விட்டபடியே இருந்தது. திறக்கச் சொன்னான், திறக்கவில்லை. சிரித்துப் பார்த்தான், அதற்கும் திறக்கவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், வெந்நீர் ஊற்று என்றார் ஒருவர், விளக்கெண்ணெய் என்றார் இன்னொருவர். இதழினி பையருகே உட்கார்ந்து, ஈரத்துண்டை விலக்கி, அவன் சுண்டுவிரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள். பிறகு மோதிர விரலை. நிமிர்த்திய சுண்டுவிரல் மறுபடி மடங்கிக்கொண்டது.

“விடுப்பா. மீன்தான்.”

“தெரியும் அம்மிணி” என்றான் சென்னியப்பன். “வெரலுக்குத்தான் இன்னும் தெரியல.”